தர்ஷினியின் கணுக்காலில் இருந்த தடம்

தர்ஷினியின் முழங்கையில் செருகியிருந்த இரண்டு கம்பிகளையும் எடுத்து ஏழு மாதம் ஆகிறது. கை நன்றாக மடங்குகிறது, நீள்கிறது. கையைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது, கையைக் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டர் அவளுடைய காலைப் பார்த்ததைப் பற்றி. அதற்குப் பிறகு எனக்குத் தெரியவந்தவற்றைப் பற்றி. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இருந்ததில்லை.

நான் ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையலறை. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். கணவர் செல்வம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தர்ஷினிக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது போனவர், அதற்குப் பிறகு மூன்று முறைதான் வந்திருக்கிறார். எனக்கு அப்பா அம்மா இல்லை. கன்னடம் பேசும் இந்த ஊரில் எங்களுக்கென்று இருக்கும் ஒரே சொந்தம் செல்வத்தின் அக்கா மல்லிகா. ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார், மாநகராட்சியில் துப்புரவு வேலை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவரும் நானும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. பால் குடிக்கும்போது ஒரு நிமிஷம் குடிப்பாள், தலையைத் திருப்புவாள், மறுபடி தேடுவாள், மறுபடி திருப்புவாள். தூக்கம் கோழித்தூக்கம். மடியில் வைத்தால் முதுகை வளைத்துக்கொண்டு நழுவுவாள். பத்தாம் மாதம் நடந்தாள். நடந்தாள் என்பதுகூடச் சரியில்லை, ஓடத்தான் ஆரம்பித்தாள். ஒன்றரை வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்து மேலே ஏறிவிடுவாள். விழுவாள், அழுவாள், கண்ணீர் காய்வதற்குள் அதே கம்பியில் மறுபடி ஏறுவாள். விழுந்த பயம் அவளிடம் தங்கவே இல்லை. எனக்குப் புரியாமல் போனது அதுதான்.

பக்கத்து வீட்டில் சொன்னால், "சுட்டிப் பொண்ணு, நல்லதுதானே" என்பார்கள். செல்வத்திடம் போனில் சொன்னால், "குழந்தைன்னா அப்பிடித்தான் இருக்கும் கௌரி. நீ சும்மனே பயப்படற" என்பார். மூன்று வயதில் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தேன். பதினோராவது நாள் அந்த மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் கழிச்சு கூட்டிட்டு வாங்கம்மா, மத்த பசங்கள பாத்துக்க முடியல" என்றார். அன்று திரும்பி வரும்போது தர்ஷினி வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். தன்னை அனுப்பிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தையல் மெஷின் ஓடும்போது ஊசிக்கு அடியில் விரலை நீட்டுவாள். இஸ்திரிப் பெட்டியில் உள்ளங்கையை ஒருமுறை சுட்டுக்கொண்டாள். குளியலறை வாளியின் விளிம்பில் முகவாயை மோதி மூன்று தையல். ஒரு நாள் நான் எண்ணெய்ச் சட்டியை இறக்குவதற்குள் வாசல் தாண்டி, மாடிப்படி இறங்கி, ரோட்டுக்கே போய்விட்டாள். ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் என்னுடைய பருத்தி துப்பட்டா ஒன்றை எடுத்து, ஒரு முனையை இரும்புக் கட்டிலின் காலில் கட்டினேன். மறுமுனையை அவள் கணுக்காலில் கட்டினேன்.

முதலில் அரை மணி நேரம்தான். பிறகு ஒரு பிளவுஸ் முடியும்வரை. பிறகு இரண்டு மணி நேரம். ஆரம்பத்தில் கத்தினாள், இழுத்தாள். நாளாக ஆக, நான் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தால் அவளே வந்து காலை நீட்டினாள். கத்தலைத் தாங்க முடிந்த எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தபோது கணுக்காலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மஞ்சள் வைத்துவிட்டு, இன்றைக்குக் கட்ட வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிற நேரம், அவ்வளவுதான். "அம்மா, பறக்கறேன் பாரு" என்று குரல் மேலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, சாமான் போட்டு வைக்கும் பரணின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்திருப்பதற்குள் குதித்துவிட்டாள்.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து விலகியிருந்தது. சின்னப் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் உடைகிற இடம் அதுதான் என்று எலும்பு டாக்டர் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, விலகாமல் இருக்க இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள், ஒரு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். தலையிலும் லேசாக அடிபட்டிருந்ததால் சில நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஐந்து நாள் இருந்தோம்.

கம்பி வைத்த மறுநாள் காலை, ரவுண்ட்ஸ் வந்த குழந்தை டாக்டர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கன்னடக்காரர், ஆனால் வேலை பார்த்த பழக்கத்தில் தமிழ் நன்றாகப் பேசினார். தலையைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்னம்மா?"

"கொலுசு டாக்டர். இறுக்கமாயிருச்சு."

"ஒரு கால்ல மட்டுமா கொலுசு போட்டீங்க?"

"இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தார். முகவாயைத் தூக்கித் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் எங்களை வார்டின் நடுவில், நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு எதிரே இருந்த கட்டிலுக்கு மாற்றினார்கள். காற்று வரும் என்று ஆயாம்மா சொன்னார். காற்றுக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

மதியம் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண், கையில் ஃபைல். வீட்டில் யார் யார், யாராவது குடிப்பார்களா, பிள்ளையை அடிப்பது யார், கை சுட்டது எப்படி, முகவாய் கிழிந்தது எப்படி, பரணில் ஏறும்போது நான் எங்கே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் பதில்கள் எனக்கே பொய் மாதிரி கேட்டன. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் கெடுத்துவிட்டது. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று கேட்க வார்த்தை வாய்வரை வந்தது. கேட்டால் ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

வார்டில் முப்பது கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஆள் இருந்தது. பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீடு என்று முறை வைத்து வந்தார்கள். என் கட்டிலில் நான் மட்டும். கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கவேண்டுமென்றாலும் தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். கட்டுப்போட்ட கையோடு அவள் கட்டிலுக்குக் கட்டில் போனாள். ஒரு பையனின் ஆரஞ்சு ஜூஸைக் கொட்டினாள். ஃபேன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். இன்னொரு கையில் குத்தி வைத்திருந்த ஊசிக்குழாயை இரண்டு முறை பிடுங்கினாள். முதல் நாள் என்னோடு பேசிய பக்கத்துக் கட்டில் அம்மா, இரண்டாம் நாள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கட்டி வைத்திருந்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முகத்துக்கு நேராகவே ஏதாவது சொல்லியிருப்பார், அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மதியம் குழந்தை டாக்டர் ஃபைல் இல்லாமல் வந்தார். ஒரு பையில் மரக்கட்டைகள், படப்புத்தகம், ஒரு பந்து கொண்டுவந்திருந்தார். கட்டிலின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தர்ஷினியோடு விளையாட ஆரம்பித்தார். தர்ஷினிக்கு ஒரே சந்தோஷம். நான்கு கட்டைகளை அடுக்கினாள், ஐந்தாவதை எடுப்பதற்குள் புத்தகத்தைப் பிடித்தாள், ஒரு பக்கம் புரட்டிவிட்டுப் பந்தை எடுத்தாள், பந்து உருண்டதும் கட்டிலிலிருந்து குதித்தாள். டாக்டர் சளைக்காமல் கூடவே போனார். முக்கால் மணி நேரம் இருக்கும். தர்ஷினி டாக்டரின் கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கதை சொன்னாள். அதை அவர் கவனித்தது எனக்குத் தெரிந்தது. கடைசியில் வேர்த்துப் போய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முக்கா மணி நேரத்துக்கே எனக்கு மூச்சு வாங்குது. நீங்க நாலரை வருஷமா தனியாவா?"

எனக்கு அழுகை வரவில்லை. "கொலுசு இல்ல டாக்டர்" என்றேன். "நான்தான் கட்டினேன். துப்பட்டாவால, கட்டில் கால்ல." எல்லாவற்றையும் சொன்னேன். அவளே காலை நீட்டியதையும் சொன்னேன். கட்டாமல் விட்ட அன்றுதான் விழுந்தாள் என்பதையும்.



"கட்டினது தப்பு. இனிமே ஒரு நாளும் கூடாது. அத நான் எழுதித்தான் ஆகணும், உங்ககிட்ட கேள்வி கேட்ட அந்த மேடம் உங்க வீட்டுக்கும் வந்து பாப்பாங்க. ஒப்புக்கறீங்களா?"

"சரி டாக்டர்."

"ஏன் கட்டினீங்கன்னு இதுவரைக்கும் யாராவது கேட்டாங்களா?"

"கட்டினதே யாருக்கும் தெரியாது டாக்டர்."

அன்றிலிருந்து வேறு மாதிரியான நாட்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று சத்தம் புகாத ஒரு அறையில் வைத்துச் சோதித்தார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைத்தான் பார்க்க வேண்டுமாம். கண் பார்த்தார்கள். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. குழந்தை மனநலப் பிரிவில் ஒரு டாக்டர் என்னிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். பிளே ஸ்கூல் மிஸ்ஸிடம் போனில் பேசினார். வீட்டில் மட்டும் இப்படியா, வெளியிலும் இப்படியா என்பது தெரிய வேண்டும் என்றார்.

அங்கேதான் ஏ.டி.எச்.டி. என்ற பெயரை முதலில் கேட்டேன். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், உடம்பை அடக்கி வைப்பதும், செய்வதற்கு முன் ஒரு நொடி யோசிப்பதும் மூளையில் மெதுவாக வளருகிற வேலைகள். சில பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி மற்றவர்களைவிடப் பிந்துகிறது. பிள்ளையின் திமிரும் இல்லை, அம்மாவின் வளர்ப்பும் இல்லை. இந்த வாக்கியத்தை நான் அந்த டாக்டரை இரண்டு முறை சொல்லவைத்தேன்.

கைக்குழந்தையில் பார்த்ததையெல்லாம் சொல்லி, "அப்பவே காட்டியிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். தூங்காத குழந்தை, நழுவுகிற குழந்தை ஆயிரம் உண்டு, அதில் பெரும்பாலானவை தானாகச் சரியாகிவிடும். குழந்தைப் பருவத்தில் இதற்கென்று ஒரு சோதனை கிடையாது. தர்ஷினிக்குக்கூட இப்போது உறுதியாகச் சொல்ல மாட்டோம், அறிகுறிகள் பலமாக இருக்கின்றன என்றுதான் எழுதுவோம், ஆறு வயதுக்குப் பிறகு மறுபடி பார்ப்போம். இந்த வயதில் முதலில் மருந்து இல்லை, அம்மா அப்பாவுக்குப் பயிற்சி. "குடும்பத்துல வேற யாராவது இப்படி இருந்தாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நான்காம் நாள் மதியம் மல்லிகா அண்ணி வேலை முடிந்த கையோடு, வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார். தூக்குச்சட்டியில் ரசஞ்சோறு, பொரித்த அப்பளம். வழக்கம்போல ஏதாவது குத்திப் பேசுவார் என்று காத்திருந்தேன். தர்ஷினி அவர் கோட்டின் பையைக் குடைந்துகொண்டிருக்க, நானே எல்லாவற்றையும் சொன்னேன், கட்டியதையும் சேர்த்து. அவர் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"செல்வத்தையும் எங்கம்மா கட்டித்தான் போடுவாங்க" என்றார். "ஜன்னல் கம்பில. அம்மா வூட்டு வேலைக்குப் போயிருவாங்க, வர்ற வரைக்கும். அஞ்சு வயசு வரைக்கும் அப்பிடித்தான். நான் ஸ்கூல்லேர்ந்து வந்து அவுத்து வுடுவேன். அவுத்து வுட்டதுக்கு எனக்கும் விழும்."

"இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி."

"எதச் சொல்றது? அவனே மறந்துட்டான்னு நெனச்சேன்." பிறகு என் வாய்க்கு நேராக ஒரு உருண்டையை நீட்டினார். "சாப்புடு மொதல்ல. கண்ணு உள்ள போயிருச்சு."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் கையால் நான் சாப்பிட்டது அன்றுதான்.

சாயங்காலம் செல்வம் போன் செய்தார். டாக்டர் கேட்டதைச் சொல்லி, அண்ணி சொன்னதையும் சொன்னேன்.  பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கம்பியோட துரு வாசன இன்னும் எனக்கு மூக்குல இருக்கு" என்றார். பிறகு, "நீயும் கட்டினியா?"

"கட்டினேன்."

போன் துண்டானது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மூன்று நாள் அவர் பேசவில்லை. அதற்குள் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் மிகத் தனியாக இருந்தது எப்போது என்று கேட்டால் நான் வார்டைச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று நாளைச் சொல்வேன். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அதைச் சுமக்கவும் நான்தான் இருந்தேன், பிள்ளையைப் பார்க்கவும் நான்தான் இருந்தேன். நான்காம் நாள் கூப்பிட்டார். தர்ஷினியோடு வெகுநேரம் சிரித்துப் பேசிவிட்டு, போனை அம்மாவிடம் கொடு என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? மொதல்லேர்ந்து சொல்லு, நான் எழுதிக்கறேன்."

எட்டு புதன்கிழமைகள் பயிற்சிக்குப் போனேன். செல்வம் தன் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கேட்டார். பெரிய வித்தை ஒன்றும் சொல்லித்தரவில்லை. தூரத்திலிருந்து கத்தாதே, பக்கத்தில் போய் அவள் உயரத்துக்குக் குனிந்து சொல். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல். செய்தால் அந்த நொடியே, என்ன செய்தாள் என்று பெயர் சொல்லிப் பாராட்டு. தினமும் பத்து நிமிஷம் அவள் சொல்கிற விளையாட்டை விளையாடு, அதில் நீ எதையும் திருத்தாதே. கேட்கும்போது சுலபம். பிளவுஸ் வாங்க ஆள் வாசலில் நிற்கும்போது செய்து பாருங்கள், தெரியும். பல நாள் கத்தியிருக்கிறேன். ஒரு நாள் கை ஓங்கி, நடுவில் நிறுத்தி, சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

சமூகப் பணியாளர் பெண் வீட்டுக்கு வந்து பார்த்தார். பரணுக்குக் கதவு போடச் சொன்னார், போட்டோம். மெஷினைச் சமையலறைக்கு மாற்றி, இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்பு வைத்தோம். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒரு அங்கன்வாடியில் சேர்த்துக்கொண்டார்கள், அந்த நேரத்தில்தான் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மல்லிகா அண்ணி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் போனதும் வீடு காலியாகும். முதல் ஞாயிறு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரு படப்புத்தகத்தை நான்கு பக்கம் வரை பார்க்கிறாள். சில நாள் ஆறு. இன்னும் ஏறுகிறாள், குதிக்கிறாள். கடைசியாகப் போனபோது டாக்டர், "முன்னேற்றம் இருக்கு, ஆறு வயசு ஆகட்டும், அப்ப முடிவு பண்ணலாம்" என்றார். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் நான், மடியில் தர்ஷினி. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கினாள், முன் சீட்டை உதைத்தாள், அந்த அம்மாவின் பையிலிருந்த கீரைக்கட்டை வெளியே இழுத்தாள். அவர் பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, "மக்களன்ன பெளெஸோக்கே பரல்வா நிமகெ?" என்றார். பிள்ளை வளர்க்கத் தெரியாதா உனக்கு என்று அர்த்தம். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் நான் உடனே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். அன்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

தர்ஷினிக்கு என்னைவிடக் கன்னடம் நன்றாகப் புரியும். என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"அம்மா, அந்த அஜ்ஜி ஏன் திட்டறாங்க?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா."

"என்னா தெரியாது?"

"உனக்கு ஏன் சும்மா உக்கார முடியலன்னு."

அவள் யோசித்தாள். அவளுக்கு அது நீண்ட யோசனை, இரண்டு மூன்று நொடி இருக்கும்.

"உனக்குத் தெரியும்ல? அப்ப நீ சொல்லு."

நான் அந்த அம்மாவின் தோளைத் தொட்டேன். என் அரைகுறைக் கன்னடத்தில், தர்ஷினி கைக்குழந்தையாகப் பால் குடிக்கும்போது தலையைத் திருப்பியதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியாது. எங்கள் ஸ்டாப் வரும்வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.